எந்திரிச்சதும் கூட்டிக்கிட்டு வாங்க

எங்க ஆஸ்பத்திரி போன் மேசையில இருக்கிற நர்சுமாருல நான்தான் கோவக்காரின்னு பேரு. "அந்த அதட்டுற மிஸ்ஸா? அப்ப நான் நாளைக்குப் போன் எடுக்கிறேன்"னு வச்சிட்டுப் போனவங்க கூட இருக்காங்க. அதட்டாம என்ன செய்றது? காய்ச்சக்காரி வரிசை வீடா இருக்கிற லயத்துல, ஒத்தை அறைக் காம்பராவுக்குள்ள படுத்திருப்பா, எனக்குப் போன் எடுத்துப் பேசுறது கடைக்காரர். எத்தனை நாளாக் காய்ச்சல்னு கேட்டா, "இருங்க மிஸ், கேட்டுச் சொல்றேன்." வாந்தி இருக்கான்னு கேட்டா, "இருங்க மிஸ், கேட்டுச் சொல்றேன்." அட, போனை அவங்க கையில குடுங்கய்யான்னு கத்துவேன். தேயிலைத் தோட்டத்துல அது ஒரு பழக்கம். ஆபீசு, ஆஸ்பத்திரி, போலீசுன்னா நாலு வார்த்தை ஒழுங்காப் பேசத் தெரிஞ்ச ஆளைத்தான் பேச விடுவாங்க. நோயாளிக்கு அங்க வாயே கெடையாது.

ஹட்டன் பக்கத்துல ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில வேலை எனக்கு. கொரோனா வந்து ஊரையெல்லாம் பூட்டி வச்சிருந்தப்ப, சனங்க கீழ எறங்கி வர முடியாமக் கெடந்தாங்க. அப்பதான் மருந்து கட்டுற அறைக்குப் பின்னால ஒரு மேசையப் போட்டு ரெண்டு போனை வச்சாங்க. நோய் போனப்புறமும் மேசை போகல. மஸ்கெலியா, பொகவந்தலாவைன்னு சுத்தியிருக்கிற தோட்டத்துச் சனங்க எல்லாம் எங்களுக்குப் போன் எடுத்துக் கேப்பாங்க. வீட்டுலயே வச்சுப் பாத்துக்கலாமா, தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாப் போதுமா, இல்ல இந்த நிமிஷமே கெளம்பி வரணுமா? இந்த மூணுல ஒன்னைச் சொல்றதுதான் என் வேலை. ஆளைப் பாக்காம, தொடாம, காதை மட்டும் வச்சுச் சொல்லணும்.

அதுக்குன்னு ஒரு மொறை இருக்கு. மொதல்ல நம்பரை வாங்கிறணும், லைன் அறுந்தா நம்ம திருப்பி எடுக்கணுமே. முடிஞ்சா நோயாளியையே பேச வைக்கணும். பேசுறப்ப ஒரு வாக்கியத்த மூச்சு வாங்காம முழுசாச் சொல்றாங்களான்னு கேக்கணும். "சும்மா தலைவலிதாங்க"ன்னு சொன்னா அதோட விடக் கூடாது, பயப்பட வேண்டிய சங்கதி ஒவ்வொன்னையும் பேரு சொல்லி இருக்கா இல்லையான்னு கேக்கணும். தூங்குறாங்கன்னு சொன்னா எழுப்பிப் பாக்கச் சொல்லணும். கடைசியில, நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்கன்னு கேட்டு வாங்கணும். அப்புறம் புத்தகத்துல எழுதணும். பேச்சைப் பதிவு பண்ற மிஷினெல்லாம் எங்ககிட்ட இல்ல, அந்தப் புத்தகம்தான் எல்லாத்துக்கும் சாட்சி. இத்தனையும் எனக்கு மனப்பாடம்.

மனப்பாடமா இருந்தும், ஒரு நாள் பகல் ரெண்டு மணிக்கு, ஒரு பொம்பளை தூங்கட்டும்னு விட்டுட்டேன்.

அன்னிக்குப் போன் எடுத்துப் பேசுனது ஒரு சின்ன வயசு ஆம்பளை. மஸ்கெலியாவுக்கு மேல ஒரு தோட்டம். சம்சாரத்துக்குப் பத்து நாளைக்கு முன்னாலதான் மொதப் புள்ள பொறந்திருக்கு, எங்க ஆஸ்பத்திரியிலதான். "காலையில இருந்து தலைவலின்னு சொல்றாங்க மிஸ்"னாரு.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லைங்க."

"ரத்தம் கூடப் போகுதா?"

"இல்லைங்க."

"காலு, மொகம் வீங்கியிருக்கா?"

"காலு லேசா வீங்கியிருக்குதுங்க. புள்ள பெத்தா அப்படித்தான்னு அத்தை சொன்னாங்க."

"கண்ணு மங்கலாத் தெரியுதா? பூச்சி பறக்கிற மாதிரி ஏதும்?"

"அப்படி ஒன்னும் சொல்லலைங்க."

"வலிப்பு?"

"ஐயோ, இல்லைங்க."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"தூங்குறாங்க மிஸ். நல்லாத் தூங்குறாங்க."

புள்ள பெத்து ஆறு வாரத்துக்குள்ள தலைவலின்னா பிரஷரைப் பாத்தே ஆகணும். அந்தக் காலத்துல பிரஷர் திடீர்னு ஏறும், ஏறுனா வலிப்புல கொண்டு போயி விட்டுரும். இது எனக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். அன்னிக்கே வரச் சொல்லணும்னு முடிவும் பண்ணிட்டேன். ஆனா என் வாயில வந்தது இதுதான்: "பாவம் தம்பி, அவங்க எந்திரிச்சதும் கூட்டிக்கிட்டு வாங்க. இன்னிக்கே வந்துறணும், சரியா?"

"சரிங்க மிஸ். எந்திரிச்சதும் கூட்டிக்கிட்டு வாறேன்"னாரு. நான் கேக்காமலே திருப்பிச் சொன்னாரு. அவ்வளவு ஒழுங்கான ஆளு.

ஏன் அப்படிச் சொன்னேன்னு என்னையே எத்தனையோ தடவை கேட்டுட்டேன். நான் பொகவந்தலாவைப் பக்கத்துல ஒரு லயத்துல பொறந்தவ. எங்கம்மா கொழுந்து எடுத்தவங்க. கருக்கல்ல எந்திரிச்சு ரொட்டி சுட்டு வச்சிட்டு மலைக்குப் போனா, பொழுது சாய கொழுந்து நிறுத்துப்புட்டு வந்து திரும்ப அடுப்பு. பகல்ல அவங்க படுத்து நான் பாத்ததே இல்ல. ஒரே ஒரு தடவை, என் கடைசித் தம்பி பொறந்து வீட்டுல இருந்தப்ப, மத்தியானத்துல சுவத்துல சாஞ்சபடி தூங்கிட்டாங்க. எங்கப்பா எங்களையெல்லாம் வெளிய வெரட்டிட்டு, அவங்க எந்திரிக்கிற வரைக்கும் வாசல்ல காவலுக்கு உக்காந்திருந்தாரு. லயத்துல பொறந்த எவளுக்கும், கொழுந்து எடுக்கிற பொம்பளை பகல்ல கண்ணசந்தா எழுப்ப மனசு வராது. அந்தப் புருசனுக்கும் வரல. எனக்கும் வரல. வேற ஊரு நர்ஸ் யாராவது அந்தப் போனை எடுத்திருந்தா, எழுப்பிப் பாருய்யான்னு ஒரே போடாப் போட்டிருப்பா. நான் எடுத்ததுதான் அந்தப் பொண்ணுக்குக் கேடாப் போச்சு.

இன்னொன்னும் இருக்கு. அந்தப் போன்ல காத்து அடிச்சுச்சு. பேச்சுக்கு நடுவுல ஊன்னு எரைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பத்து நாள் புள்ள இருக்கிற காம்பராவுல இருந்து பேசுனா ஒரு சிணுங்கலாவது கேக்காதா? ஒன்னும் கேக்கல. லயத்துக்குள்ள சிக்னல் ஏது? பேசணும்னா மேல ஏறணும். எங்க தோட்டத்துல இன்னிக்கும் எங்கண்ணன் மலை மேல இருக்கிற பாறைக்கு ஏறி நின்னுதான் என்கிட்ட பேசுறாரு, அவரு போன்லயும் இதே காத்துதான். அப்ப, "தூங்குறாங்க"ன்னு அந்தத் தம்பி சொன்னது, பாறைக்கு ஏறுறதுக்கு முன்னால அவரு கண்ணால பாத்தது. இப்ப அவ எப்படிக் கெடக்குறான்னு அவருக்கே தெரியாது. நீங்க அவங்க பக்கத்துலயா இருக்கீங்கன்னு ஒரே ஒரு கேள்வி. அதைக் கேக்க எனக்குத் தோணல.

போனை வச்சிட்டுப் புத்தகத்த எடுத்தேன். "உடனடியாக அழைத்து வரும்படி கூறப்பட்டது"ன்னு எழுதினேன். வரச் சொன்னா அப்படித்தான் எழுதுறது, கை பாட்டுக்கு எழுதிருச்சு. பொய் எழுதணும்னு நெனச்சு எழுதல. அடுத்த போன் அடிச்சுச்சு, யாருக்கோ முதுகுல கட்டி.

மறுநாள் காலையில டீ குடிக்கிற எடத்துல, பிரசவ வார்டுல வேலை பாக்கிற என் சிநேகிதி மொகம் கறுத்துப் போயி உக்காந்திருந்தா. முந்தின நாள் சாயங்காலம் மஸ்கெலியாப் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணைத் தோட்டத்து லொறியில கொண்டு வந்தாங்களாம். வர்ற வழியெல்லாம் வலிப்பு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்காங்க, அங்க உசுரு போயிருச்சு. இருபத்தி மூணு வயசு, பத்து நாள் ஆம்பளப் புள்ளைய விட்டுட்டுப் போயிட்டா.

"அவ புருசன் பண்ணின வேலையக் கேளுடி"ன்னா சிநேகிதி. "ரெண்டு மணிக்கு நம்ம போன் மேசைக்கு எடுத்திருக்கான். உடனே வான்னு சொல்லியிருக்காங்க, புத்தகத்துல இருக்கு. அவன் என்னான்னா அவ பக்கத்துலயே உக்காந்திருந்தானாம். பச்சப் புள்ள அழுதா அவ முழிச்சிருவான்னு புள்ளையத் தூக்கிக்கிட்டு வாசல்ல நடந்தானாம். வலிப்பு வந்தப்புறம்தான் லொறியத் தேடி ஓடியிருக்கான். ஏன்டா இப்படிச் செஞ்சன்னு கேட்டா, எந்திரிச்சதும் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்கன்னு சொல்றான். எந்த நர்ஸாவது அப்படிச் சொல்லுவாளா?"

நான் டீ கோப்பையக் கீழ வச்சேன். "சொல்ல மாட்டாங்க"ன்னு சொன்னேன்.

அந்த ரெண்டு வார்த்தை என் வாயில இருந்து அவ்வளவு லேசா வந்துச்சு. தப்பாச் சொன்னதுக்குக் கூட ஒரு மன்னிப்பு இருக்கலாம், இதுக்கு என்ன இருக்கு?

தாய் செத்தாக் கட்டாயம் விசாரணை வைப்பாங்க. வச்சாங்க. என்னைக் கூப்புட்டுக் கேட்டாங்க, புத்தகத்துல இருக்கிறதையே சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்தா, நடையில ஒரு ஒல்லியான பையன் நிக்கிறான். கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட சட்டை, எண்ணெய் வச்சுப் படிய வாரின தலை. இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும். "மிஸ், விசாரிக்கிற எடம் எதுங்க?"ன்னு கேட்டாரு. குரலைக் கேட்டதும் ஆளு தெரிஞ்சிருச்சு, அந்தப் புருசன்தான். வாயத் தொறந்தா என் குரலை அவரு கண்டுபிடிச்சிருவாரு. வெரலை மட்டும் நீட்டிக் கதவைக் காட்டினேன். "ரொம்ப நன்றிங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

முடிவுல என் மேல ஒரு தப்பும் இல்லைன்னாங்க. சரியான ஆலோசனை குடுக்கப்பட்டிருக்கு, குடும்பத்தார் தாமதம் பண்ணிட்டாங்க. மேட்ரன் எல்லாருக்கும் முன்னால என் பதிவைக் காட்டி, இப்படித்தான் எழுதணும்னு பாராட்டினாங்க.

அதுக்கப்புறம் தூங்குற ஆளைக் கண்டா எனக்கு ஆகாமப் போச்சு. என் மக உயர்தரப் பரீட்சைக்குப் படிச்சிக்கிட்டு இருந்தா, பகல்ல புத்தகத்து மேலயே சாஞ்சிருவா. போயி உலுக்குவேன். "என்னம்மா?"ன்னு செவந்த கண்ணோட கேப்பா. "ஒன்னுமில்ல, உன் பேரைச் சொல்லு"ம்பேன். "உங்களுக்குப் பைத்தியமா?"ம்பா. என் வீட்டுக்காரர் ஸ்கூல் வாத்தியார், ஞாயித்துக்கெழமை சாப்புட்டுட்டு நாற்காலியில கண்ணை மூடுவாரு. ரெண்டு நிமிஷம் கூட விட மாட்டேன். ஒரு நாள் ஹட்டன் பஸ்சுல பக்கத்து சீட்டுல ஒரு பொம்பளை, மடியில கூடைய வச்சிக்கிட்டு வாயத் தொறந்து தூங்குறா. யாரு எவன்னே தெரியாது. தோளைப் புடிச்சு ஆட்டினேன், "அம்மா, எந்திரிங்கம்மா"ன்னு. அவங்க பதறிப் போயி எடம் வந்துருச்சுன்னு நடு ரோட்டுல எறங்கிட்டாங்க. கண்டக்டர் என்னை மொறைச்சாரு. எறங்கினவங்க மழையில நின்னு பஸ்சையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். நாங்க வேதக்காரங்க. சாமியார் முன்னால முட்டி போட்டு, கோவப்பட்டேன், மாமியார எதிர்த்துப் பேசினேன், ரெண்டு ஞாயிறு பூசைக்குப் போகலன்னு சொல்லி முடிச்சேன். "வேற ஏதும் இருக்காம்மா?"ன்னு கேட்டாரு. இல்ல சாமின்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

மேசையில அந்தத் தோட்டத்துப் பேரு வந்தாலே போனை மத்த நர்சுகிட்ட தள்ளி விட்டுருவேன். ஆனா எந்த நர்ஸ் பேசினாலும் மொதக் கேள்வி ஒன்னு கேக்கணும்னு நானே புது வழக்கம் கொண்டு வந்தேன்: நீங்க இப்ப நோயாளி பக்கத்துலயா இருக்கீங்க? பக்கத்துல இல்லைன்னா, கீழ போயிப் பாத்துட்டு வரணும், இல்லைன்னா அவங்களை மேல தூக்கிட்டு வரணும், இல்லைன்னா ஆம்புலன்ஸ். மேட்ரன் அதையும் பாராட்டினாங்க. நல்ல யோசனையாம்.

எட்டு மாசம் ஓடிருச்சு. ஒரு நாள் காலையில பத்து மணி இருக்கும். ரெண்டாவது போன்ல இருந்த நர்ஸ் எக்ஸ்ரேக்கு யாரையோ கூட்டிக்கிட்டுப் போயிட்டா. போன் அடிச்சுச்சு, எடுத்தேன். மொதல்ல காத்து. அப்புறம் தோட்டத்துப் பேரு. அப்புறம், "புள்ளைக்கு ரெண்டு நாளா சளி மிஸ், இன்னிக்கு மூச்சு விடக் கஷ்டப்படுறான்."

அதே குரல். தள்ளி விட ஆளில்ல. "நம்பரைச் சொல்லுங்க"ன்னேன். சொன்னாரு. "நீங்க புள்ள பக்கத்துலயா இருக்கீங்க?"

"ஆமாங்க மிஸ். இந்தத் தடவை புள்ளையத் தூக்கிக்கிட்டே ஏறிட்டேன்."

அவரு அதைக் கொறையாச் சொல்லல, குத்திக் காட்டவும் இல்ல. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாரு, அவ்வளவுதான். அழ நேரமில்ல, புள்ளையோட மூச்சு போன்லயே கேக்குது. ஒவ்வொரு மூச்சு விடுறப்பவும் ஒரு முனகல்.

"தம்பி, பயப்படாதீங்க. காத்து அடிக்காத பக்கமா பாறைக்குக் கீழ ஒக்காருங்க. புள்ளைய நிமித்திப் புடிச்சு, சட்டைய மேல தூக்குங்க. மூச்சு இழுக்குறப்ப விலா எலும்புக்குக் கீழ உள்ள வாங்குதா?"

"வாங்குதுங்க. குழி விழுகுது."

"ஒதடு என்ன நெறம்?"

"செவப்புதான்... கொஞ்சம் கறுத்த மாதிரியும் இருக்குதுங்க."

"பால் குடிச்சானா?"

"காலையில இருந்து வேணாம்னு தள்ளுறான்."

"உங்க பக்கம் பாக்குறானா?"

"பேரைச் சொன்னா பாக்குறான்."

"சரி. வயித்தையே பாருங்க. ஒரு தடவை ஏறி எறங்குனா 'ம்'னு சொல்லுங்க. நான் நிப்பாட்டச் சொல்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கணும்."

நான் சுவத்துக் கடிகாரத்தப் பாத்தேன். அவரு ம், ம், ம்னு சொல்ல ஆரம்பிச்சாரு. நடுவுல ஒரு தடவை நின்னுருச்சு. "இருமுனான் மிஸ்"னு சொல்லிட்டுத் திரும்ப ம், ம். ஒரு நிமிஷத்துக்கு அறுபத்தி நாலு. எட்டு மாசப் புள்ளைக்கு அம்பதுக்கு மேல போனாலே ஆபத்து. பக்கத்துப் போனை எடுத்து ஆம்புலன்சுக்குச் சொன்னேன், இந்தப் போனை வைக்கல.

"தம்பி, இப்பவே ஆம்புலன்ஸ் கெளம்புது. லயத்துக்கு எறங்காதீங்க, அங்க சிக்னல் இருக்காது. ரோட்டுக்குப் பக்கம் எங்க நிப்பீங்க?"

"மேல ரோட்டோரம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கிட்ட நிப்பேன் மிஸ், அங்க சிக்னல் இருக்கு."

"நல்லாச் சுத்திக்கங்க புள்ளைய. தலைய நிமித்தியே வைங்க. வாயில ஒன்னும் ஊத்தாதீங்க. நடக்குறப்பவும் போனைக் காதுலயே வைங்க. நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க."

ஒரு வார்த்தை விடாமத் திருப்பிச் சொன்னாரு. சொல்லி முடிச்சுட்டு, "மிஸ், தூங்கிட்டான்னா?"ன்னு கேட்டாரு.

"தூங்க விடாதீங்க. கண்ணை மூடினா உள்ளங்காலத் தேய்ச்சு எழுப்புங்க. எழும்பலைன்னா அந்த நிமிஷமே என்கிட்ட சொல்லுங்க." என் சத்தத்துல வார்டுல இருந்தவங்க எட்டிப் பாத்தாங்க. சைரன் சத்தம் போன்ல கேக்குற வரைக்கும் நான் அந்தப் போனை வைக்கல.

புள்ள பொழைச்சுக்கிச்சு. நிமோனியா. ஆக்சிஜன் வச்சு, மருந்து ஏத்தி, மூணாம் நாள் தெளிஞ்சிருச்சு. புள்ள கூட வார்டுல இருந்தது அவரோட மாமியார், அந்தச் செத்துப் போன பொண்ணோட அம்மா. அவங்க அவரோட சொந்த அத்தை, அப்பா கூடப் பொறந்தவங்க. ஆம்பளைங்க அந்த வார்டுல தங்க முடியாது, அவரு வெளிய நடையில பெஞ்சுல உக்காந்திருந்தாரு. மூணு நாளும் அங்கயேதான் இருந்தாரு. நான் அந்தப் பக்கமே போகாம வேற வழியா சுத்திச் சுத்திப் போனேன். மூணாம் நாள் மத்தியானம் கால் தானா அங்க போயிருச்சு.

பக்கத்துல உக்காந்தேன். "தம்பி, போன்ல பேசினது நான்தான்"னேன்.

"தெரியுங்க மிஸ். சத்தம் போட்டீங்கல்ல, அதுலயே தெரிஞ்சது"ன்னு சிரிச்சாரு. கும்புடப் போனாரு, நான் கையைப் புடிச்சுக்கிட்டேன்.

"மொதத் தடவை பேசினதும் நான்தான். எந்திரிச்சதும் கூட்டிக்கிட்டு வாங்கன்னுதான் நான் சொன்னேன். நீங்க விசாரணையில சொன்னதுதான் உண்மை. புத்தகத்துல நான் வேற மாதிரி எழுதிட்டேன். கேட்டப்பவும் பொய் சொல்லிட்டேன்."

அவரு என்னை அடிச்சிருந்தாக் கூட வாங்கியிருப்பேன். அவரு, "நெசமாவா மிஸ்?"ன்னு கேட்டாரு. "விசாரணையில புத்தகத்தக் காட்டினாங்க. உடனேன்னு எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டினாங்க. படிச்ச ஆளுங்க தப்பா எழுதுவாங்களா? அப்ப எனக்குத்தான் காது சரியாக் கேக்கலன்னு நெனச்சிட்டேன். காத்து அடிச்சுதே. உடனேன்னுதான் சொல்லியிருப்பாங்க, நான்தான் பேய் மாதிரி பக்கத்துல உக்காந்து அவளைக் கொன்னுட்டேன்னு நெனச்சேன். எட்டு மாசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

எனக்கு அப்பதான் வெளங்குச்சு, நான் எடுத்தது அவரோட நல்ல பேரை மட்டும் இல்ல. அவரோட சொந்த ஞாபகத்தையே புடுங்கிட்டேன். அவரு முன்னால ஒக்காந்து அழுதேன், வெக்கமில்லாம.

மேட்ரனுக்குக் கடிதம் எழுதிக் குடுக்கிறேன், திரும்ப விசாரிக்கச் சொல்றேன், உங்க பேரைத் துடைச்சிருவாங்கன்னு சொன்னேன். அதை மறுநாளே செஞ்சேன். என்னைக் கூப்புட்டு விசாரிச்சாங்க, கொஞ்ச காலம் மேசையில இருந்து எடுத்தாங்க, எச்சரிக்கை குடுத்துத் திருப்பிப் போட்டாங்க. ஆனா அன்னிக்கு அவரு வேணாம்னு தலைய ஆட்டிட்டாரு. "கடுதாசி எனக்கு எதுக்குங்க? யாரு வந்து படிக்கப் போறா? அத்தைக்கிட்ட மட்டும் சொல்லுவீங்களா மிஸ்? நான் சொன்னா நம்ப மாட்டாங்க. இத்தனை நாளா எனக்கே நம்பிக்கை இல்லாமத்தான் இருந்துச்சு."

உள்ள போனேன். அந்தம்மா கட்டில் ஓரத்துல உக்காந்து புள்ளைய மடியில போட்டுக் கால் விரலை எண்ணி வெளையாட்டுக் காட்டிக்கிட்டு இருந்தாங்க. கொழுந்து எடுத்துக் கறுத்த கை. என்னைக் கண்டதும், "வாங்க மிஸ், நீங்கதானாமே புள்ளையக் காப்பாத்தினது"ன்னு எடம் விட்டாங்க. நான் உக்காரல. நின்னபடியே எல்லாத்தையும் சொன்னேன். அவரு போன் எடுத்தது, நான் சொன்னது, எழுதினது, கேட்டப்ப மறைச்சது. உங்க மகளை எழுப்பச் சொல்லாம விட்டது நான்தான், உங்க மருமகன் நான் சொன்னத அப்படியே கேட்டு நடந்தாரு, அவரு மேல ஒரு தப்பும் இல்லைன்னு சொன்னேன்.

அந்தம்மா விரலை எண்ணுறத நிப்பாட்டிட்டாங்க. புள்ள காலை ஆட்டி இன்னும் எண்ணச் சொல்லுது.

"அவன் சொன்னான் மிஸ்"னாங்க கடைசியில. "அன்னிக்குப் பகல்ல நான் மலைக்குக் கொழுந்துக்குப் போயிருந்தேன், பொணம் வீட்டுல கெடக்குறப்பவே சொன்னான். பொய் சொல்றியாடா நாயேன்னு எல்லாரு முன்னாலயும் செருப்பைத் தூக்கிட்டேன். அதுக்கப்புறம் அவன் சொல்றத விட்டுட்டான்."

அந்தம்மா முந்தானைய இழுத்துப் புள்ளையோட காலை மூடினாங்க.

"உங்களை நான் வாயாரத் திட்டணும். புள்ள மடியில கெடக்குறான், வாய் வர மாட்டேங்குது." கண்ணைத் துடைக்காமலே பேசினாங்க. "ஒரே காம்பராவுல ரெண்டு அடுப்பு மிஸ். எட்டு மாசமா அந்த மூலையில அவன் தனியாப் பொங்கித் திங்கிறான், இந்த மூலையில நான். என் அண்ணன் புள்ள அவன். அவன் அம்மா செத்தப்ப நாந்தான் தூக்கி வளத்தேன். மாசிக் கருவாடும் கெழங்கும் போட்டுக் கொழம்பு வச்சா சட்டியோட கேப்பான். இப்ப நான் கொழம்பு வைக்கிற அன்னிக்கெல்லாம் வெளிய போயி வாசல்ல உக்காந்துக்கிருவான், வாசனைக்குக் கூட உள்ள இருக்க மாட்டான்."

கதவு வழியா நடை தெரிஞ்சுச்சு. அவரு பெஞ்சுல இருந்து எந்திரிச்சு, எங்க பக்கம் பாக்காம, சுவத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டு இருந்தாரு.

அந்தம்மா அவரையே பாத்தாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நான் என்ன சொல்லி மிஸ் இனி அவனைச் சாப்புடக் கூப்புடுவேன்?"ன்னு கேட்டாங்க.

என்கிட்டதான் கேட்டாங்க.